இரண்டு குரல், ஒரு அல்பம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பிக் போய், ஆன்ட்ரே 3000 என்ற இருவர் சேர்ந்த அமெரிக்க ராப் குழுவான அவுட்காஸ்ட் இரட்டையரின் 2003 ஆம் ஆண்டு அல்பமான ‘ஸ்பீக்கர்பொக்ஸ் / த லவ் பிலோ’ பற்றிய கட்டுரை வந்தது. அதைத் தேடிக் கேட்டவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தாங்களே இருவராகச் சேர்ந்து தமிழில் ராப் அல்பம் செய்துகொண்டிருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

முதல் தட்டு பிக் போய்க்கு, இரண்டாவது தட்டு ஆன்ட்ரே 3000க்கு. சேர்ந்து பாடாத இருவரின் பாட்டுகளை ஒரே உறைக்குள் போட்டால் அது இருவரின் அல்பம் ஆகிவிடுமா? இதற்கு ஏன் அவ்வளவு பெரிய வரவேற்பு?
— வாசகர், வெள்ளவத்தை

கோடு நீங்கள் நினைக்கும் அளவுக்கு நேராகக் கிழிக்கப்படவில்லை. முதல் தட்டின் பல பாட்டுகளுக்கு இசை அமைத்ததில் ஆன்ட்ரேயின் கை இருக்கிறது. அதே தட்டில் வரும் ‘கெட்டோ மியூசிக்’ பாட்டில் அவருடைய குரலும் உண்டு. இரண்டாவது தட்டில் வரும் ‘ரோஸஸ்’ பாட்டில் பிக் போய் வந்து ராப் செய்துவிட்டுப் போகிறார். ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. முந்தைய நான்கு அல்பங்களில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்த உரசல் இதில் குறைவு என்பது முதல் தடவையிலேயே தெரிந்துவிடும்.

வரவேற்பை விளங்கிக்கொள்ள 1995க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு நியூயோர்க்கில் நடந்த ‘த சோர்ஸ்’ சஞ்சிகையின் விருது விழாவில் அவுட்காஸ்ட் புதுமுகக் குழுவுக்கான விருதை வாங்க மேடை ஏறியபோது கூட்டம் கூச்சலிட்டது. ஹிப் ஹொப் என்றால் நியூயோர்க், இல்லாவிட்டால் லொஸ் ஏஞ்சலஸ் என்றிருந்த காலம். அமெரிக்காவின் தென் பகுதியிலுள்ள அட்லாண்டாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தெற்குக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்று ஆன்ட்ரே அந்த மேடையிலேயே பதில் சொன்னார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2003 செப்டெம்பர் 23 அன்று வெளிவந்த இந்த அல்பம் முதல் வாரத்திலேயே 5 லட்சத்து 10 ஆயிரம் பிரதிகள் விற்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2004 பெப்ரவரியில் ஆண்டின் சிறந்த அல்பத்துக்கான கிராமி கிடைத்தது. அதற்கு முன் அந்த விருது லோரின் ஹில்லின் அல்பத்துக்கு 1999 இல் போயிருந்தது. ஹிப் ஹொப்பிலிருந்து அதை வாங்கிய இரண்டாவது அல்பம் இதுதான். ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகை ஆண்டுதோறும் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பிலும் 2003 க்கான முதலிடம் இதற்கே.

வானொலியில் நடந்தது இன்னும் விசேஷம். ஒரே நேரத்தில் தட்டுக்கு ஒரு பாட்டாக இரண்டு பாட்டுகளை வெளியிட்டார்கள். ஆன்ட்ரே தரப்பின் ‘ஹேய் யா’ ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை இறக்கிவிட்டு அந்த இடத்துக்கு வந்தது பிக் போய் தரப்பின் ‘த வே யூ மூவ்’. தங்களைத் தாங்களே இறக்கிய இரட்டையர் அவர்கள்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டு தட்டும் சேர்த்து இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல். பாட்டுகளுக்கு நடுவே வரும் சின்னச் சின்ன உரையாடல்கள் ஓட்டத்தை அறுக்கின்றன. இரண்டிலிருந்தும் நல்லதைப் பொறுக்கி ஒரே தட்டாகப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதே கேட்டார்கள். எங்கள் கருத்து இது: அல்பமாகக் கேட்க முதல் தட்டுத்தான் பலமானது. அதில் வேகமும் சுருக்கமும் இருக்கிறது. துணிச்சல் என்று பார்த்தால் இரண்டாவது. அதில் ஆன்ட்ரே ராப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் பாடுகிறார். இரண்டையும் ஒரே இருப்பில் கேட்காதீர்கள். இடையில் ஒரு நாள் விடுங்கள்.

‘ஹேய் யா’ பாட்டுக்குக் கைதட்டினால் ஓரிடத்தில் எங்கள் எல்லோருக்கும் கை தவறுகிறது. மிருதங்கம் படிக்கும் என் தங்கைக்குமே தவறுகிறது. ஏன்?
— வாசகி, கொட்டாஞ்சேனை

கையில் பிழை இல்லை. பாட்டில் இரண்டு அடி குறைகிறது. வேகமான அடியை வைத்து, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 160 அடி என்று, எண்ணிப் பாருங்கள். முதல் சுரக்கூட்டு (கோர்ட்) ஜி, 4 அடி. அடுத்தது சி, 8 அடி. அதற்கடுத்து டி, 2 அடி மட்டுமே. பிறகு ஈ, 8 அடி. மொத்தம் 22. டி வரும் இடத்தில் காது 4 அடியை எதிர்பார்க்கிறது. 2 அடியோடு பாட்டு தாவிவிடுகிறது. உங்கள் கை அங்கேதான் தவறுகிறது.

தங்கையிடம் இதை 4, 4, 4, 2, 4, 4 என்று சொல்லுங்கள். ஆதி தாளத்தில் வைத்தால் ஒருபோதும் பொருந்தாது. 22 அடியை ஓர் ஆவர்த்தனமாகப் பிடித்தால் மூன்றாவது சுற்றில் கை தானாக அமர்ந்துவிடும். கவனிக்க இன்னொன்று: இந்த 22 பாட்டு முழுக்க மாறுவதேயில்லை. எட்டுப் பத்துத் தடவை கேட்ட பிறகு அந்தத் தடுக்கலே பாட்டின் இனிமையாகிவிடுவது அதனால்தான்.

அமெரிக்காவில் இது 1 கோடி 30 லட்சம் பிரதி விற்றது என்று படித்தேன். உண்மையா?
— வாசகர், பம்பலப்பிட்டி

சான்றிதழ் 13 மடங்கு பிளாட்டினம், அதாவது 1 கோடி 30 லட்சம் அலகு, என்பது சரி. அத்தனை பேர் வாங்கினார்கள் என்பது அதற்குப் பொருளல்ல. 100 நிமிடத்தைத் தாண்டும் இரட்டை அல்பத்தில் ஒவ்வொரு தட்டையும் தனி அலகாக எண்ணுவது அங்குள்ள ஒலிப்பதிவுத் துறைச் சங்கத்தின் விதி. ஒரு பெட்டி விற்றால் இரண்டு என்று பதிவாகும். இப்போது ஸ்ட்ரீமிங்கும் சேர்கிறது. 1,500 தடவை கேட்டால் ஓர் அல்பம் என்பது கணக்கு.

நானும் நண்பனும் இருவராகப் பாடி வீட்டிலேயே பதிகிறோம். இருவர் குரலும் ஒன்றோடொன்று கலந்து, யார் பாடுவது என்றே தெரியவில்லை. பின்னால் ஒரு குகைச் சத்தமும் கேட்கிறது. மைக் மாற்றவேண்டுமா?
— வாசகர், தெஹிவளை

மைக்கை மாற்ற முன் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். குகைச் சத்தம் சுவரிலிருந்து வருகிறது. நம் வீடுகளில் சீமெந்துச் சுவர், ஓடு பதித்த நிலம், வெறும் கூரை. குரல் மூன்றிலும் பட்டுத் திரும்புகிறது. பலர் மெத்தையை மைக்குக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். கார்டியோயிட் வகை மைக் முன்னால் இருப்பதைத்தான் கேட்கும், முதுகுப் பக்கம் அதற்குக் காது மந்தம். ஆகவே மெத்தை அல்லது இரட்டையாக மடித்த கம்பளி பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். மைக்குக்குள் முதலில் திரும்பி நுழைவது அந்தச் சுவரின் எதிரொலிதான். காலுக்குக் கீழே ஒரு தடித்த பாய் விரியுங்கள். காலி வீதிப் பக்கமோ ரயில் பாதைப் பக்கமோ ஜன்னல் இருந்தால் மைக்கின் முதுகை அந்த ஜன்னலுக்குக் காட்டுங்கள். ரயில் ஊதினால் அந்த வரியைத் திரும்பப் பாடுங்கள். எந்த மென்பொருளும் அதைச் சுத்தமாக எடுத்துத் தராது.

மின்விசிறியும் ஏசியும் நிற்கவேண்டும். வியர்க்கும்தான். 20 நிமிடம் பதிவு, 10 நிமிடம் விசிறி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பாடாமல் 10 விநாடி பதிந்து மென்பொருளின் மானியில் அளவைப் பாருங்கள். மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருந்தால் அறை போதும். பாடும்போது உச்சம் மைனஸ் 12 க்கும் மைனஸ் 6 க்கும் இடையில் இருக்கட்டும். 24 பிட்டில் பதிந்தால் சத்தம் குறைவு என்ற பயம் தேவையில்லை.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். இருவருக்கும் அதே தூரம். நிற்கும் இடத்தில் நிலத்தில் ஒட்டுநாடாவால் ஒரு கோடு போடுங்கள். சனிக்கிழமை ஒருவர் நெருங்கி நின்றும் ஞாயிற்றுக்கிழமை மற்றவர் தள்ளி நின்றும் பதிந்தால், ஒரு குரல் கனமாகவும் மற்றது மெலிந்தும் போகும். கிட்டப் போனால் அடிச்சுருதி கூடுவது இவ்வகை மைக்கின் இயல்பு. இருவரும் ஒரே நேரத்தில் பாடித்தான் ஆகவேண்டுமென்றால், இரண்டு மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் சற்றுப் பிந்தியும் முந்தியும் விழுந்து உள்ளீடற்றுக் கேட்கும்.

புளூடூத் ஹெட்ஃபோனைப் பதிவுக்குப் பாவிக்கவே வேண்டாம். பாட்டு காதுக்கு வரவே பிந்திவிடும், நீங்கள் அதற்கு ஒத்துப் பாடுவீர்கள், பிறகு குரல் தாளத்துக்குப் பின்னால் இழுபடும். ‘எவ்வளவு பயிற்சி எடுத்தும் டைமிங் வரவில்லை’ என்று எழுதுபவர்களில் பலருக்கு வியாதி இதுதான். வயருள்ள, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் எடுங்கள். மென்பொருளில் பஃபர் (ஒலி காதுக்கு வரும் தாமதத்தைத் தீர்மானிக்கும் தேக்கம்) அளவை 128 க்கு இறக்குங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024 க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

இனிக் குரல்களைப் பிரிக்கும் வேலை. இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் எழுதியிருந்தால் எந்த மிக்ஸும் உதவாது. பிரிப்பு எழுத்திலேயே தொடங்கவேண்டும். கனத்த குரல்காரர் அடிக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து பாடட்டும், மெல்லிய குரல்காரர் அடியின் மேலேயே பாடட்டும். இரண்டு குரலிலும் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுங்கள். 200 முதல் 400 வரையான பகுதியில் 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால் மப்பு போகும். ஒரு குரலை 3 கிலோஹேர்ட்ஸ் பக்கமும் மற்றதை 5 கிலோஹேர்ட்ஸ் பக்கமும் ஒரு சிட்டிகை தூக்குங்கள். கொம்ப்ரஸர் (உரத்த இடங்களைத் தணிக்கும் கருவி) விகிதம் 3க்கு 1, குறைப்பு 3 முதல் 6 டெசிபல் வரை போதும்.

இரு பிரதான குரல்களும் நடுவில்தான் இருக்கவேண்டும். ஒருவரை இடது காதிலும் மற்றவரை வலது காதிலும் வைப்பது முதலில் ரசிக்கும், இரண்டாவது பாட்டில் தலை வலிக்கும். வரி முழுவதையும் இரண்டு தடவை பாடி அடுக்காதீர்கள். வரியின் கடைசி இரண்டு மூன்று சொற்களை மட்டும் அடுக்குங்கள். அந்த அடுக்கைப் பிரதான குரலைவிட 8 முதல் 10 டெசிபல் கீழே வையுங்கள். அடுக்கும் குரல் நண்பனுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. இருவராக இருப்பதன் இலாபம் அங்கேதான் காதில் விழும்.

எங்கள் வரிகள் எல்லாம் ‘வருகிறேன், தருகிறேன், போகிறேன்’ என்றே முடிகின்றன. ஆங்கில ராப்பில் கேட்கும் அந்த ‘உள்ளே உரசும்’ ஓசை தமிழில் வராதா?
— வாசகி, மட்டக்குளி

தமிழுக்கு அது பழைய சொத்து. 1987 இல் எரிக் பி – ரக்கிம் இரட்டையரின் ‘பெய்ட் இன் ஃபுல்’ அல்பம் வந்தபோது கேட்டவர்கள் அசந்துபோனது ரக்கிம் வரியின் முடிவில் மட்டுமல்லாமல் நடுவிலும் ஒலிகளைப் பொருத்தியதால். நம் யாப்பில் வரியின் முடிவில் ஒலி பொருந்தினால் இயைபு, முதலெழுத்து பொருந்தினால் மோனை, இரண்டாம் எழுத்து பொருந்தினால் எதுகை. நீங்கள் இயைபை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதிலும் வினைமுற்று விகுதியை. ‘கிறேன்’ எல்லா வினைக்கும் இலவசமாக வரும் ஒலி. இலவசமானதில் காது வியக்காது.

இதைப் பாருங்கள்:

காலி வீதி நெரிசல்
கூலி பேசி எரிச்சல்

காலி – கூலி எதுகை. இரண்டிலும் முதலெழுத்து நெடில், ஆகவே அளவும் ஒக்கிறது. வீதி – பேசி, நெடிலும் குறிலும் அதே வரிசை. நெரிசல் – எரிச்சல் இயைபு. ஆனால் முதலாவதில் ‘ச’ மெல்ல வழுகுகிறது, இரண்டாவதில் ‘ச்ச’ அடிக்கிறது. அந்த ஒற்றைச் சரியாக ஸ்னேர் (ட்ரம்மின் ‘டப்’ என்ற அடி) விழும் இடத்தில் வையுங்கள். முதல் வரியை ஒருவரும் இரண்டாம் வரியை மற்றவரும் பாடினால் அடித்த பந்து திரும்பி வருவதுபோல இருக்கும்.

கணக்கு வேண்டுமானால்: நிமிடத்துக்கு 90 அடி என்றால் 16 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) கொண்ட ஒரு பத்தி ஏறத்தாழ 43 விநாடி. ஒரு பாரில் 16 சிறு இடங்கள் உண்டு. நெடிலுக்கு இரண்டு இடம், குறிலுக்கு ஒன்று என்று வைத்து எழுதிப் பாருங்கள். 10, 12 எழுத்தொலிக்கு மேல் போனால் மூச்சு எடுக்க இடமிருக்காது. தமிழ்ச் சொல் நீளம், அதைச் சுருக்கப் பேச்சு வழக்கு இருக்கிறது. ‘போய்க்கொண்டிருக்கிறான்’ வேண்டாம், ‘போறான்’ போதும். ‘கதைக்கிறான்’ என்று வீட்டில் சொல்பவர் மைக் முன்னால் மட்டும் ‘பேசுறான்’ என்று மாறவேண்டியதுமில்லை.

பழைய சினிமாப் பாட்டின் நான்கு விநாடித் துண்டு ஒன்றைப் பாவித்திருக்கிறோம். ஆறு விநாடிக்குள் என்றால் அனுமதி தேவையில்லை என்கிறார்களே?
— வாசகர், வத்தளை

அப்படி ஒரு விதி இல்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது. ஆக்கியோனின் ஆயுளும் அவர் இறந்து 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பாட்டின் மெட்டுக்கு ஓர் உரிமை, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. இரண்டும் வேறு வேறு கைகளில் இருக்கும். மெட்டை நீங்களே வாசித்துப் பதிந்தால் ஒலிப்பதிவுக்கான அனுமதி தேவைப்படாது, மெட்டுக்கான அனுமதி அப்போதும் தேவை.

மறைத்துவிட்டால் தெரியாது என்று நினைக்கவேண்டாம். மொப் டீப் இரட்டையரின் 1995 அல்பத்தில் வரும் ‘ஷூக் வன்ஸ் பார்ட் 2’ பாட்டுக்காக ஒரு பியானோத் துண்டை வெட்டி, சுருதி மாற்றி, அடையாளமே தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். அது ஜாஸ் பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்கொக்கின் வாசிப்பு என்று ரசிகர்கள் 2011 இல் கண்டுபிடித்தார்கள். இப்போது தளங்களின் தானியங்கிப் பொருத்தம் பாட்டு ஏறிய சில நிமிடங்களிலேயே அதைச் செய்துவிடும். வெளியீட்டு நாளன்று பாட்டு இறங்கிப்போனால் விளம்பரமெல்லாம் வீண்.

ஒன்பது பாட்டுள்ள அல்பத்தை வெளியிட்டோம். கருத்துப் பகுதியில் எல்லோரும் ‘சுப்பர் மச்சான்’ என்கிறார்கள். கேட்டவர் எண்ணிக்கையோ சில நூறு. வரவேற்பு உண்மையில் எப்படி என்று எதை வைத்து அறிவது?
— வாசகர், கிருலப்பனை

‘சுப்பர் மச்சான்’ அன்பு. அதை வைத்துக்கொள்ளுங்கள், அளவுகோலாக்காதீர்கள். யூடியூப்பின் உள்பக்கத்தில் பார்வையாளர் எந்த விநாடியில் விலகினார் என்று காட்டும் கோடு இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதைத் திறந்து பாருங்கள். முதல் 20 விநாடியில் செங்குத்தாக விழுந்தால் முகப்பு இசை நீளம். இரண்டாவது பத்தி தொடங்கும் இடத்தில் விழுந்தால், அங்கே குரல் மாறியும் கேட்பவருக்கு ஒன்றும் மாறவில்லை என்று பொருள். இரட்டையர் அல்பங்களில் அதிகம் கேட்கும் குறை அதுதான். இரண்டாமவரை 16 பார் காக்க வைக்காமல் 8 பாரில் உள்ளே கொண்டுவாருங்கள்.

ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை என்று எண்ணப்படும். 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாக ஓடிய பாட்டுக்குப் பணம் வராது. எத்தனை தடவை ஓடியது என்பதைவிட, ஒருவர் சராசரியாக எத்தனை தடவை கேட்டார், எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்பதைப் பாருங்கள். 300 பேர் தலைக்கு நான்கு தடவை கேட்டிருந்தால் அந்தப் பாட்டு பிடித்திருக்கிறது, போய்ச் சேரத்தான் இல்லை. 1,200 பேர் தலைக்கு ஒரு தடவை கேட்டு விட்டிருந்தால் விஷயம் வேறு. அடுத்த பாட்டை வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அவர்களின் ஆசிரியர் குழுவுக்குச் சமர்ப்பியுங்கள். வெளியான பாட்டைச் சமர்ப்பிக்க முடியாது.

எண்ணிக்கையை வைத்து மனம் விடவும் வேண்டாம். மொப் டீப்பின் முதல் அல்பம் 1993 இல் விற்காமல் போய், நிறுவனமும் கைவிட்டது. மேலே சொன்ன 1995 அல்பம் அவர்களின் இரண்டாவது. எம்எஃப் டூமும் மட்லிப்பும் சேர்ந்த மட்வில்லன் இரட்டையரின் 2004 அல்பம் அமெரிக்கப் பட்டியலில் 179 ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அதை இன்றும் விமர்சகர்கள் தலைசிறந்த ஹிப் ஹொப் அல்பங்களில் ஒன்றாக எண்ணுகிறார்கள். அதன் முடிவடையாத பிரதி, அல்பம் வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்பே கசிந்துவிட்டது. டூம் சும்மா இருக்கவில்லை, குரலைத் தாழ்த்தி, நிதானமாக மறுபடி பாடிப் பதிந்தார். இப்போது நாம் கேட்பது அந்தக் குரலைத்தான். தமிழில் ஹிப்ஹாப் தமிழா இரட்டையரின் 2012 அல்பத்துக்கு இளைஞர்கள் தந்த வரவேற்போடு, ‘கிளப்புல மப்புல’ பாட்டு பெண்களைப் பற்றிப் பேசிய விதத்துக்காகக் கடுமையான எதிர்ப்பும் வந்தது. உங்கள் வரிகளுக்கும் அப்படி ஒருவர் குறை எழுதினால் அழிக்காதீர்கள். ‘சுப்பர்’ என்பவரைவிட அவர் கவனமாகக் கேட்டிருக்கிறார்.

சத்தம் குறைவு என்று நண்பர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்குக் கொண்டுவரும். அதைவிட உரக்கச் செய்து அனுப்பினால் அது கீழே இறக்கும், நீங்கள் நசுக்கியதால் போன உயிர் மட்டும் திரும்பாது. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டவேண்டாம். நண்பர் கைபேசியில் கேட்டிருப்பார் என்று நினைக்கிறோம். 50 ஹேர்ட்ஸில் இருக்கும் உங்கள் பேஸ் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பிறக்கவே பிறக்காது. பேஸின் மேல் கொஞ்சம் சாட்சுரேஷன் (மேல் ஓசைகளைச் சேர்க்கும் மெல்லிய சிதைவு) போட்டு 100 முதல் 200 வரையிலும், அதற்குச் சற்று மேலும் ஓசை உண்டாக்குங்கள். பிறகு மிக்ஸை மோனோவாக்கி (இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி) ஒரு தடவை, ஓட்டோவில் பின்னாலிருக்கும் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேளுங்கள். ஓட்டோ ஓடும்போது இரண்டு குரலையும் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், தெஹிவளை வாசகருக்குச் சொன்னதை முதலிலிருந்து செய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.